சிவப்புக் குடுவைக்கு இரண்டு மில்லி

ஜனவரி 18, புதன்

மருத்துவர் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். தினமும் ஆய்வகக் குறிப்பேடு எழுதுகிறேனே, அது போதாதா என்று கேட்டேன்.

"அதுல நீங்க வருவீங்களா?" என்றார்.

வரமாட்டேன். அதில் கரைசல் சேர்க்கப்படும், குடுவை குலுக்கப்படும், வெப்பநிலை பதிவு செய்யப்படும். யார் செய்தார் என்று இருக்காது.

"அப்ப இதுல 'நான்'னு எழுதிப் பழகுங்க."

நான் மங்கையர்க்கரசி. வயது முப்பத்து மூன்று. திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு, ஆறாவது வருடம். கணவர் அறவாழி. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஐந்து மாத விடுப்புக்குப் பிறகு இன்று நான் லேபுக்குத் திரும்பினேன்.

மூன்று தடவை 'நான்' வந்துவிட்டது. இன்றைக்குப் போதும்.

ஜனவரி 19, வியாழன்

விடுப்பு முடிந்து சேர்ந்ததற்கான படிவம் கொடுக்க நிர்வாகக் கட்டடத்துக்குப் போனேன். உதவித்தொகைப் பிரிவில் தண்டபாணி சார் இருந்தார். நல்ல மனிதர். கையெழுத்து இல்லாத படிவத்தைக்கூடத் திருப்பி அனுப்பாமல் பேனாவை நீட்டுவார்.

"பிரசவ லீவு முடிஞ்சாச்சா? என்ன கொழந்தைம்மா?"

"பொண்ணு சார்."

"மகாலட்சுமி. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா சார்."

குழந்தை இல்லை. செப்டம்பர் 9 அன்று இறந்தே பிறந்தது. அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பின்னால் வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். விளக்க நேரமில்லை.

பொய் சொன்னதைப் பதிவு செய்கிறேன்.

ஜனவரி 20, வெள்ளி

என் வழிகாட்டி டாக்டர் சகாயராணி மேடம் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் என் கடைசிப் பரிசோதனை முடிய வேண்டும். ஆய்வேட்டுடன் தமிழில் ஒரு சுருக்கமும் தர வேண்டும் என்பது விதி. நேற்று எழுதிக் கொடுத்தேன்:

"பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவை ரைபோசோம்கள். செல்லின் சக்தியில் பெரும்பங்கு இவற்றுக்கே செலவாகிறது. பட்டினி வந்தால் சில பாக்டீரியாக்கள் ஒரு சிறு புரதத்தைக் கொண்டு ரைபோசோம்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பூட்டிவிடுகின்றன. பூட்டியவை வேலை செய்யா, சிதையவும் செய்யா. உணவு வரும்வரை பாக்டீரியா இப்படி உறங்குகிறது."

மேடம் 'உறங்குகிறது' என்பதை அடித்தார்.

"தூங்குதுன்னு எழுதாத. அதுக்குத் தலகாணி கெடயாது."

"வேற என்ன மேடம் எழுதறது?"

"செயலை நிறுத்தி வைக்கிறதுன்னு எழுது. இத மனுஷனோட ஒப்பிட்டும் எழுதக் கூடாது. எழுதினா தேர்வாளர் கேள்வி கேப்பார்."

ஒப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை.

ஜனவரி 22, ஞாயிறு

அறவாழி காலை ஆறரைக்கு பைக்கை வாட்டர் சர்வீஸுக்கு எடுத்துப் போனார். எட்டரைக்குத் திரும்பினார். வண்டி கழுவப்படவில்லை. சர்வீஸ் கடையில் கூட்டம் என்றார்.

சக்கரத்தில் மணல் இருந்தது.

உளுந்து ஊறவைத்தேன். தண்ணீர் கேன் இரண்டு வந்தது.

ஜனவரி 23, திங்கள்

நாள் 0.

நீல மூடிக் குடுவைகள் மூன்று: சாதாரண பாக்டீரியா. சிவப்பு மூடிக் குடுவைகள் மூன்று: அதே இனம்தான், ஆனால் பூட்டும் புரதத்துக்கான மரபணுவை நாங்கள் நீக்கியிருக்கிறோம். ஆறிலும் நூறு மில்லி உப்புக் கரைசல். உணவு கிடையாது. நாற்பது நாள் பட்டினி. மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துத் தட்டில் பூசினால், உயிரோடு இருப்பவை மறுநாள் புள்ளி புள்ளியாக வளரும். எண்ண வேண்டும். நாற்பதாம் நாள் உணவு கொடுத்து யார் மீள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சிவப்பு சீக்கிரம் செத்துவிடும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

லேபில் கண்ணாடிப் பாத்திரம் கழுவி, ஆட்டோகிளேவின் நீராவியில் கிருமி நீக்கும் பவுனம்மா அக்கா பக்கத்தில் நின்று கேட்டார். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறார். இன்னும் ஒப்பந்த வேலைதான்.

"செவப்புக்கு எதுவுமே குடுக்க மாட்டீங்களா?"

"நீலத்துக்கும் குடுக்க மாட்டோங்க்கா."

"நீலந்தான் பொழச்சுக்கும்ங்கிறியே."

அவர் முன்பெல்லாம் என்னை 'பாப்பா' என்று கூப்பிடுவார். திரும்பி வந்ததிலிருந்து 'மங்கைம்மா'.

ஜனவரி 30, திங்கள்

நாள் 6 எண்ணிக்கை, மில்லிக்கு. நீலம் எழுபது கோடி. சிவப்பு பன்னிரண்டு கோடி. தொடக்கத்தில் இரண்டும் தொண்ணூறு கோடி.

எதிர்பார்த்தபடி.

பிப்ரவரி 5, ஞாயிறு

எண்ணுவதற்காக லேபுக்குப் போனேன். நாள் 12. நீலம் நாற்பது கோடி. சிவப்பு முப்பது லட்சம். சில தட்டுகளில் இரண்டே புள்ளி. ஒரு தட்டில் ஒன்று.

அறவாழி ஆறரைக்கு பைக் கழுவப் போனார். கழுவாமல் வந்தார். மூன்றாவது வாரம்.

குழந்தைக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு யாரும் போவதில்லை. யார் போட்டது என்று கேட்கவில்லை. அணைத்தேன்.

பிப்ரவரி 8, புதன்

நாள் 15. நீலம் முப்பத்தாறு கோடி.

சிவப்பு நான்கு கோடி.

முப்பது லட்சத்திலிருந்து நான்கு கோடி. மூன்று குடுவையிலும். இரண்டு தடவை எண்ணினேன். மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

நிர்வாகக் கட்டடத்துக்கு வேறொரு படிவத்துக்காகப் போனபோது தண்டபாணி சார் கேட்டார்: "பேரு என்னம்மா வெச்சீங்க?"

ஒரு பெயர் சொன்னேன். தயாராக இருந்ததுபோல வாயிலிருந்து வந்தது. "அருமையான பேரு" என்றார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 11, சனி

நாள் 18. சிவப்பு ஒன்பது கோடி.

மேடத்திடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆறு வருடத்தில் என் முடிவு ஒன்றைக் கேட்டு அவர் எழுந்தது இதுவே முதல் முறை.

"உப்புத் தண்ணியில எதைத் தின்னு வளருது?"

"தெரியல மேடம்."

"வெளிக் கிருமி உள்ள போயிருக்கும்."

"கானமைசின் தட்டுல போட்டுப் பாக்கறேன்."

எங்கள் சிவப்புப் பாக்டீரியா கானமைசின் என்ற மருந்தைத் தாங்கும். மரபணுவை நீக்கிய இடத்தில் அதற்கான அடையாளத்தைச் செருகியிருக்கிறோம். வெளியிலிருந்து வந்த கிருமி என்றால் அந்தத் தட்டில் பெரும்பாலும் செத்துவிடும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

கானமைசின் தட்டில் வளர்ந்திருக்கின்றன. எங்கள் பாக்டீரியாதான்.

நாள் 21 எண்ணிக்கை: நீலம் இருபத்தெட்டு கோடி. சிவப்பு ஏழு கோடி.

மேடம் ஹைதராபாத் மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதத் தொடங்கிவிட்டார். கடைசித் தேதி இருபது. பூட்டே இல்லாத பாக்டீரியா பட்டினியைத் தாண்ட வேறொரு வழி வைத்திருக்கிறது என்பது சாரம். முப்பது வருட உழைப்பில் இப்படி ஒன்று கிடைத்ததில்லை என்றார். எனக்கு காபி வாங்கித் தந்தார். தன் ஃபிளாஸ்க்கையும் கழுவச் சொன்னார்.

ஒரு விஷயம். குடுவைகளின் அளவுக்கோட்டைப் பார்த்தேன். ஆவியானதாலும் நான் எடுத்ததாலும் நீலக் குடுவைகளில் மட்டம் இறங்கியிருக்கிறது. சிவப்பில் அந்த அளவுக்கு இறங்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே அளவுதான் எடுக்கிறேன்.

மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 16, வியாழன்

வழக்கமாக ஒன்பதரைக்குப் போவேன். இன்று ஏழரைக்கே போனேன்.

லேபில் பர்னர் எரிந்துகொண்டிருந்தது. பவுனம்மா அக்கா தலைமுடியை மறைத்துத் துணி கட்டி, கையுறை போட்டு, மேசையை ஸ்பிரிட்டால் துடைத்து வைத்திருந்தார். சிவப்பு மூடியைச் சுண்டுவிரலால் பிடித்துத் திறந்தார். குடுவையின் வாயைத் தீயில் காட்டினார். மாணவர்களின் வகுப்பு முடிந்து மீந்த உணவுக் கரைசலிலிருந்து பிப்பெட்டில் இரண்டு மில்லி எடுத்து உள்ளே விட்டார். மீண்டும் தீயில் காட்டினார். மூடினார். ஒரு சொட்டுகூட மேசையில் விழவில்லை.

மூன்றாவது குடுவையை மூடும்வரை நான் வாசலிலேயே நின்றேன். ஏன் தடுக்கவில்லை என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தவர் பிப்பெட்டைக் கீழே வைத்தார்.

"எத்தனாவது தடவைக்கா?"

"மூணு."

"எதுக்குக்கா?"

"தட்டையெல்லாம் நாந்தானே ஆட்டோகிளேவ்ல போட்டுக் கொட்டுறேன். எனக்கு எண்ணத் தெரியாதா? நீலத்துல மாவு தெளிச்ச மாதிரி இருக்கு. செவப்புல ரெண்டு, ஒண்ணுன்னு வந்துருச்சு."

"சாகணும்னுதான் வெச்சிருக்கோம். அதுதான் பரிசோதனை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக.

"அந்த நோட்டுல நீ கணக்கு எழுதுறப்ப உன் மூஞ்சிய நீ பாத்ததில்ல மங்கைம்மா. நான் பாத்தேன். இன்னொரு தடவ செத்துப்போச்சுன்னு நீ எழுத வேணாம்னு நெனச்சேன். அவ்வளவுதான். தப்புன்னா தப்புதான்."

நான் மேசையைத் துடைத்தேன். அதை அக்கா ஏற்கெனவே துடைத்திருந்தார்.

பிப்ரவரி 17, வெள்ளி

இரண்டு விஷயங்கள் யோசித்தேன். ஒன்று, சுருக்கம் அனுப்பப்பட்டால் மேடத்தின் பெயரில் ஒரு பொய் அச்சாகும். இரண்டு, காரணம் சொன்னால் அக்காவின் ஒப்பந்தம் போய்விடும். அவர் மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

பதினோரு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், சிவப்புல வளர்ந்தது என் தப்பு. உப்புக் கரைசல்னு நெனச்சு உணவுக் கரைசலை ஊத்திட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு குடுவையிலயுமா?"

"ஆமா மேடம்."

"சிவப்புல மட்டும்?"

"ஆமா மேடம்."

"ஆறு வருஷத்துல நீ ஒரு குடுவைல தப்பா ஊத்தினதில்ல மங்கை. யாரக் காப்பாத்தற?"

அப்போது கதவு திறந்தது. வெளியே பெருக்கிக்கொண்டிருந்த பவுனம்மா அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

"நாந்தாங்க மேடம் ஊத்துனேன்."

மேடம் ஒரு காகிதத்தை இழுத்தார்.

"எவ்வளவு?"

"ரெண்டு மில்லிங்க. ஒவ்வொண்ணுக்கும்."

"எந்தெந்த நாள்?"

"ஆறாம் தேதி, ஒம்பதாம் தேதி, நேத்து."

"எத்தன மணிக்கு?"

"ஏழரைக்குங்க. யாரும் வர்றதுக்கு முன்னால."

மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி மாநாட்டுச் சுருக்கத்தைத் திறந்தார். இரண்டு பக்கம். ஒருமுறை முழுதாகப் படித்தார். அழித்தார்.

"மூணு தடவையும் வெளிக்கிருமி ஒண்ணுகூட உள்ள போகல. எம்.எஸ்சி. பிள்ளைங்க ஊத்தியிருந்தா நாலுல ஒண்ணு கெட்டுப்போயிருக்கும்." அக்கா தலையைத் தூக்கினார். "இது பாராட்டு இல்ல பவுனு. இன்னொரு தடவ தொட்டா நானே எழுதி அனுப்பிடுவேன்."

"சரிங்க மேடம்."

"ஏன் ஊத்துன?"

அக்கா என்னைப் பார்த்தார். மேடமும் என்னைப் பார்த்தார். பிறகு மேடம், "சரி, அது வேணாம்" என்றார்.

அக்கா போனபிறகு காலண்டரை எடுத்து விரலால் எண்ணினார். "இருபத்தேழாந் தேதி திரும்ப ஆரம்பி. ஏப்ரல் எட்டுல முடியும். எனக்கு நேரம் இருக்கு." ஹைதராபாத் பற்றிப் பேசவே இல்லை. அவர் ஃபிளாஸ்க்கைக் கேட்காமலே கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 18, சனி

மருத்துவரிடம் போனேன். செப்டம்பர் 9 பற்றி இன்னும் எழுதவில்லையா என்றார். எழுதுகிறேன்.

முப்பத்து நான்காவது வாரம். ஸ்கேன் எடுக்கப்பட்டது. துடிப்பு இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. வலி வரவழைக்கப்பட்டது. பதினான்கு மணி நேரத்துக்குப் பின் பெண் குழந்தை எடுக்கப்பட்டது. எடை ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது கிராம். பார்க்க விருப்பமா என்று செவிலியரால் கேட்கப்பட்டது. இல்லை என்று தலை அசைக்கப்பட்டது. குழந்தை துணியில் சுற்றப்பட்டுக் கணவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று மணி நேரம் கழித்து அவர் தனியாகத் திரும்பி வந்தார். எங்கே என்று கேட்கப்படவில்லை.

மருத்துவர் இதை ஏற்றுக்கொள்ள மாட்டார். 'நான்' எங்கே என்பார்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஒரு பொய்யைத் திருத்தியாகிவிட்டது. இன்னொன்று மிச்சம் இருந்தது. உணவு இடைவேளையில், வரிசை இல்லாத நேரம் பார்த்துத் தண்டபாணி சாரிடம் போனேன்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். எனக்குக் கொழந்தை இல்ல. பொறக்கும்போதே உயிர் இல்ல."

அவர் கையில் ரப்பர் முத்திரை இருந்தது. முன்னால் இருந்த படிவத்தில் குத்தினார். மை இல்லாமல் வெறுமனே விழுந்தது. மையில் தொட்டு மறுபடி குத்தினார். அது என் படிவம்கூட இல்லை.

"நான் பேரெல்லாம் கேட்டேனேம்மா."

"பரவால்ல சார்."

"எங்களுக்கும் ஒண்ணு அப்படி ஆச்சு. தொண்ணூத்தி நாலுல. பையன்." டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடினார். "இன்னைக்கு வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல."

"பேசணும்னு தோணலையா சார்?"

"தோணும். அவ பேசினா பேசலாம்னு நான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பா போல." பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார்: "ரிட்டயர் ஆனதும் பேசலாம்னு இருக்கேன்."

அவருக்கு இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

பிப்ரவரி 26, ஞாயிறு

அறவாழி ஆறரைக்குக் கிளம்பினார். "வண்டி கழுவவா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். நானும் வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். பால் பொங்கிவிட்டது. போய் அணைத்துவிட்டு வருவதற்குள் வண்டிச் சத்தம் தெருமுனைக்குப் போயிருந்தது.

பிப்ரவரி 27, திங்கள்

மீண்டும் நாள் 0. நீலம் மூன்று, சிவப்பு மூன்று.

பவுனம்மா அக்கா குடுவைகளைக் கழுவி, ஆட்டோகிளேவ் போட்டுக் கொடுத்தார். "இந்தா. நான் கிட்டயே வர மாட்டேன்" என்றார். நாள் முழுக்க எதிர் மூலையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.

மார்ச் 6, திங்கள்

நாள் 6. நீலம் அறுபத்தெட்டு கோடி, சிவப்பு பத்துக் கோடி.

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. இரண்டு நாள் இன்டக்‌ஷன் அடுப்பு. முருங்கைக்காய் சாம்பார்.

மார்ச் 12, ஞாயிறு

நாள் 12. சிவப்பு இருபத்தாறு லட்சம்.

பைக், மணல். எழுத அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 18, சனி

நாள் 18. சிவப்பு நாலாயிரம். நீலம் முப்பத்தொரு கோடி.

முன்பு மேடம் எழுந்து நின்ற அதே நாள் 18. இன்று உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். "சரியா போகுது" என்றார். சரியாகத்தான் போகிறது.

மார்ச் 24, வெள்ளி

நாள் 24 தட்டுகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்தேன். சிவப்பு: ஒன்பது தட்டிலும் எதுவும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமான கண்ணாடி போல.

பவுனம்மா அக்கா மூலையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

நோட்டில் எழுத வேண்டிய கட்டம் சின்னது. அதில் ஒரு பூஜ்யம் போட்டேன். மூன்று குடுவைக்கு மூன்று பூஜ்யம்.

"போட்டாச்சா?" என்றார் அக்கா.

"போட்டாச்சுக்கா."

அவர் தன் சேலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். மேசை துடைக்கும் எத்தனால் கண்ணில் பட்டிருந்தது. அது ஆவியாகக்கூடியது. இருந்தாலும் கொஞ்ச நேரம் எரியும்.

மார்ச் 30, வியாழன்

நாள் 30. நீலம் பதினெட்டு கோடி. சிவப்பு இல்லை.

ஏப்ரல் 8, சனி

நாள் 40.

காலை பத்து மணிக்கு ஆறு குடுவைகளிலிருந்தும் எடுத்துப் புதிய உணவுக் கரைசலில் விட்டேன். மேடம், அக்கா, நான் மூன்று பேரும் இருந்தோம். அக்காவை மேடம்தான் கூப்பிட்டார். "நீ பாக்காம விட்டா வேற எங்கயாவது போய் ஊத்துவ" என்றார்.

நீலத்தில் பட்டினியின்போது ரைபோசோம்களில் பாதிக்கு மேல் ஜோடி ஜோடியாகப் பூட்டிக் கிடந்தன. உணவு கொடுத்து ஐந்தாவது நிமிடம் எடுத்த மாதிரியில் ஜோடிகளே இல்லை. எல்லாம் பிரிந்துவிட்டன. நாற்பது நாள் பூட்டு, ஐந்து நிமிடத்துக்குள் திறந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு நீலக் கரைசல் மோர் போலக் கலங்கியது.

சிவப்பில் ரைபோசோம்களே கிட்டத்தட்ட இல்லை. பூட்டாமல் விட்டதைச் செல் தானே சிதைத்துவிட்டது. உணவு வந்தது. அதை வைத்து எதையும் செய்ய உள்ளே எந்திரம் இல்லை. கரைசல் தெளிவாகவே இருந்தது.

"எழுந்துடுச்சுன்னு எழுதட்டுமா மேடம்?" என்று நீலத்தைக் காட்டிக் கேட்டேன்.

"எழுதாத. வளர்ச்சி மீண்டும் தொடங்கியதுன்னு எழுது." பிறகு அச்செடுத்த வரைபடத்தை இரண்டாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். வரைபடங்களை அவர் மடிக்க மாட்டார்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அறவாழி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"எப்படி ஆச்சு?"

சொன்னேன். முழுதாக. பூட்டு, ஜோடி, ஐந்து நிமிடம் எல்லாம். அவர் துருவலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தச் செவப்பு?"

"செத்துடுச்சு."

அவர் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். "எவ்ளோ சாதாரணமா சொல்ற. ஏழு மாசமா இந்த வீட்டுல அந்த வார்த்தைய ஒரு தடவ சொல்லியிருப்பியா?"

"நீங்க சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? நீ செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்த. அப்பறம் லேபுக்குப் போயிட்ட."

"ஞாயித்துக்கெழமையானா நீங்க எங்க போறீங்க?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும். நீங்க சொல்லணும்."

என் குரல் சத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

"புள்ளகிட்ட போறேன்" என்றார். "ஆத்தோரம். அங்கதான் வெச்சேன். போயி சும்மா நிப்பேன். வேற என்ன செய்யிறதுன்னு தெரியல."

"என்னை ஏன் கூப்பிடல?"

"நீ கேக்கல."

"நீங்க கூப்பிட்டிருக்கணும்."

"அன்னைக்கு நர்ஸ் கேட்டப்ப நீ வேணாம்னு தலைய ஆட்டின, மங்கை. அதுக்கு மேல நான் எப்படிக் கூப்பிடறது?"

அது உண்மை. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நான்தான். பார்த்தால் அது நடந்ததாகிவிடும் என்று நினைத்தேன்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்தேன்."

சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். சொல்லச் சொன்னேன். சொன்னார். முடி நிறைய. நெற்றி என்னுடையது. காது மடல் அவருடையது, மேலே கொஞ்சம் மடங்கியிருக்கும். இடது கையில் சுண்டுவிரல் நகம் அரிசி நுனி அளவு. உதடு மூடியிருந்தது. கோபமாக இருப்பதுபோல இருந்தாளாம். கோபம் யாருடையது என்று கேட்டேன். "உன்னோடதுதான்" என்றார்.

தண்டபாணி சாரிடம் சொன்ன பெயரை இவரிடமும் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அவரும் சொல்லிப் பார்த்தார்.

தேங்காய் பாதி துருவியபடியே காய்ந்துபோனது.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஆறரைக்குப் போனோம். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் வண்டி சறுக்கியதால் கடைசிக் கொஞ்ச தூரம் இறங்கி நடந்தோம். இடுகாட்டுக் காவல்காரர் இவரைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்தார்.

இடத்தைக் காட்டினார். என் இரண்டு முழ நீளம்கூட இல்லை. தலைமாட்டில் வரிசையாக நான்கு கூழாங்கல். அவர் வைத்ததாம்.

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டேன். காலை நேரம் என்றாலும் சூடாகத்தான் இருந்தது. அவள் பெயரைச் சொன்னேன். என் பெயரையும் சொன்னேன், தெரியாத ஒருவரிடம் சொல்வதுபோல. பிறகு நிறைய நேரம் அழுதேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. எத்தனால் எதுவும் இல்லை.

திரும்பும்போது பாலத்தில் ஏறியதும் அவர் தோளைத் தட்டினேன். வண்டியை ஓரம் கட்டினார்.

"என்ன மங்கை?"

"பசிக்குது" என்றேன்.